மண்டபத் திறப்பு யாருடைய கையில்?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஐயா, எனக்கு வீடு கொக்குவில், படிப்பது வெளிமாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில். எங்கள் வாசிப்பு வட்டம் கொழும்பில் இருந்து ஒருவரைப் பேச அழைத்தது. அவர் கொஞ்சம் சர்ச்சையானவர்தான். மூன்று கிழமைக்கு முன்பே கடிதம் கொடுத்தோம், பொறுப்பு விரிவுரையாளரும் கையெழுத்து வைத்தார். முதல்நாள் பின்னேரம் கோல் எடுத்து, 'மண்டபம் தர ஏலாது' என்றார்கள். ஏன் என்று கேட்டால் 'மேலிடம்' என்கிறார்கள். இதற்கெல்லாம் விதி ஒன்றும் இல்லையா?
- மூன்றாம் வருட மாணவி

பதில்: பிள்ளை, முதலில் அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் நீங்களே பதிவாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: இன்ன திகதி, இத்தனை மணிக்கு, இன்ன அலுவலகத்தில் இருந்து இப்படிச் சொன்னீர்கள், காரணத்தை எழுதித் தாருங்கள் என்று. தொலைபேசியில் சொன்னதை நாளைக்கு யாரும் சொல்லவே இல்லை என்றுவிடலாம், மின்னஞ்சலை அப்படி மறைக்க முடியாது.

அடுத்தது தகவல் உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். மண்டபம் வழங்கும் விதி என்ன, இந்த முடிவை எடுத்தது யார், எந்தக் கூட்டத்தில் எடுத்தார்கள் என்று மூன்று கேள்விகளைத் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்து அறிவிக்க வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் தருகிறது. அதை மட்டுப்படுத்தலாம், 15 ஆம் உறுப்புரை அதற்கு இடம் வைத்திருக்கிறது, இன மத ஒற்றுமை, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல், தேசிய பாதுகாப்பு என்று பட்டியலும் நீளம்தான், ஆனால் அந்த மட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும். 'மேலிடம்' என்ற சொல் எந்தச் சட்டத்திலும் இல்லை. அரச பல்கலைக்கழகத்தின் முடிவு நிர்வாகச் செயல் என்பதால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம், பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்திலும் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது.

பல்கலைக்கழகம் ஒன்றுமே கேட்கக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எத்தனை பேர் வருவார்கள், யார் தலைமை, எத்தனை மணிக்கு முடியும், சண்டை வந்தால் யார் பொறுப்பு, சபையோர் கேள்விக்கு நேரம் உண்டா, இதெல்லாம் கேட்கட்டும். கோயில் மண்டபம் தருகிறவர்களும் இவ்வளவும் கேட்பார்கள்தானே. அவர் என்ன கருத்துள்ளவர் என்பதை வைத்து மண்டபத்தைப் பூட்டுவதுதான் பிழை. இங்கிலாந்தில் 1986 இலேயே இதைச் சட்டமாக எழுதிவிட்டார்கள்: வெளிப்பேச்சாளரின் கருத்துக்காக இடம் மறுக்கக்கூடாது. 2023 இல் வந்த சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 ஓகஸ்ட் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தன, அதன்படி பாதுகாப்புச் செலவைக்கூட விதிவிலக்கான நிலைமையில் தவிர ஏற்பாட்டாளர் தலையில் கட்ட முடியாது. நமது பல்கலைக்கழகங்களின் மூதவைகளும் (செனற் சபைகளும்) இப்படி இரண்டு பக்கம் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டினால் உங்களைப் போன்ற பிள்ளைகள் இப்படி அலையத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் சனத்தின் இழப்பைக் கொச்சைப்படுத்துகிறவருக்கும் மேடை கொடுக்க வேண்டுமா? 2023 இல் யாழ். பல்கலைக்கழகத்தில் ஒரு சட்டத்தரணியின் பேச்சு மாணவர் எதிர்ப்பால் நின்றது. அது சரிதானே?
- மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் பேச இருந்தது நீதித்துறைச் சுதந்திரம் பற்றி. பிரச்சினையானது, புலிகளைப் பற்றி அவர் முன்பு வேறோர் இடத்தில் சொன்ன கருத்து. உங்கள் கோபத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. வீட்டில் ஆளை இழந்த பிள்ளைகள் அந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தச் சொல் சுடும்.

ஆனால் 2021 ஜனவரி 8 இரவை நினைத்துப் பாருங்கள். உங்கள் வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தபோது நாம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: எங்கள் நினைவைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா? மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், மூன்றாம் நாள் துணைவேந்தரே வந்து அடிக்கல் நாட்டினார். 2019 மே மாதம் மாணவர் ஒன்றிய அலுவலகத்தில் புலிகளின் தலைவரின் படம் இருந்தது என்பதற்காக மாணவர் தலைவர்களைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். தூபியை இடித்ததற்குச் சொன்ன காரணமும் 'அமைதி கெடும்' என்ற வகைதான். அந்தக் காரணத்தை நீங்களே நிர்வாகத்தின் கையில் கொடுத்தால், அடுத்த முறை அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

எதிர்ப்பைக் காட்ட வழி இல்லாமல் இல்லை. வாசலில் கறுப்புக்கொடி பிடியுங்கள், துண்டுப்பிரசுரம் கொடுங்கள், அதே நாள் பக்கத்து மண்டபத்தில் உங்கள் கூட்டத்தை வையுங்கள். எல்லாவற்றையும் விட, உள்ளே போய் முன்வரிசையில் இருந்து மைக்கை வாங்கி, 'நீங்கள் சொன்னது என் அம்மாவுக்கு எப்படிக் கேட்டிருக்கும் தெரியுமா' என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் அவர் ஊர் திரும்ப முடியாது. மின்சாரத்தை நிறுத்துவது, கதவைப் பூட்டுவது, ஏற்பாடு செய்த பிள்ளைகளை மிரட்டுவது, இவை எதிர்ப்பு ஆகாது.

வன்முறையைத் தூண்டும் பேச்சு வேறு விசயம், அதற்கு 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் (ICCPR சட்டம்) இருக்கிறது. அதைக் கூடக் கவனமாகத் தொட வேண்டும். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக அந்தச் சட்டத்தில்தான் 2019 இல் நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார்.

கேள்வி: படிக்கப் போன பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டங்கள் ஏன்? என் மகன் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறான், எனக்கு நித்திரை இல்லை.
- ஒரு தகப்பன், சாவகச்சேரி

பதில்: அண்ணை, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகமவை 1989 செப்டெம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். எல்லாப் பக்கத்துக் கொடுமைகளையும் பற்றி எழுதியவர் அவர். அதைப் பார்த்த தலைமுறை நாங்கள், வாயைப் பொத்தச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்துவிட்டோம்.

மகனைத் தடுக்காதீர்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதி கையில் இருக்கிறதா, பொறுப்பு விரிவுரையாளர் அன்றைக்கு மண்டபத்தில் இருப்பாரா என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், கூட்டத்துக்கு நீங்களும் போய் ஒரு கதிரையில் இருங்கள். முடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாகவே வீட்டுக்கு வரலாம்.