போனில் நூற்றுப்பத்து ஆப்: எதைக் கழிப்பது, எதை எங்கே வைப்பது?

கேள்வி: 64 ஜிபி ஆண்ட்ராய்டு போன். 110 ஆப் இருக்கிறது. இடம் இல்லை என்ற எச்சரிக்கை ஓயவில்லை. தேடுகிற ஆப்பும் கையில் சிக்குவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதல் வேலையாக ஃபோல்டர் போட உட்காராதீர்கள். பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அது குப்பைக்கு அலமாரி செய்வது மாதிரி. கழித்துவிட்டு அடுக்குங்கள்.

ஐகான்களைப் பார்த்துக்கொண்டே கழிக்க முடியாது. எல்லாமே என்றாவது உதவும் என்றுதான் தோன்றும். பிளே ஸ்டோரில் மேல் வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, 'மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்', பிறகு 'மேனேஜ்' போங்கள். வரிசையை 'லீஸ்ட் யூஸ்டு' என்று மாற்றினால் மாதக்கணக்கில் தொடாதவை மேலே வந்துவிடும். கட்டத்தில் டிக் போட்டு, குப்பைத்தொட்டிச் சின்னத்தைத் தொட்டால் மொத்தமாக நீங்கும். முகப்பில் ஐகானை இழுத்து 'ரிமூவ்' மேல் விடுவது நீக்கம் ஆகாது. குறுக்குவழி மட்டும்தான் போகும், ஆப் உள்ளேயே இருக்கும்.

டிக் போடும் முன் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதன் தரவு எங்கே இருக்கிறது? டிஜிலாக்கர், ரயில் டிக்கெட், கடை ஆப் எல்லாம் சர்வரில் வைத்திருப்பவை. நீக்கிவிட்டு, வேண்டும்போது மறுபடி நிறுவி லாகின் செய்தால் பழையபடி வந்துவிடும். சிக்கல் போனுக்குள்ளேயே சேமிப்பவற்றில்தான். கணக்கு இல்லாமல் ஓடும் குறிப்பு ஆப், சில குரல்பதிவு ஆப்கள், பேக்கப் எடுக்காத வாட்ஸ்அப் ஆகியவை நீங்கும்போது உள்ளே இருப்பதும் போய்விடலாம். லாகின் செய்யும்போது கேட்கும் ரகசிய எண்ணைத் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் இன்னும் ஆபத்து. கூகுள் ஆத்தென்டிகேட்டரில் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி 2023-ல்தான் வந்தது. அதை இயக்காமலோ, 'டிரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ்' வழியாக வேறு போனுக்கு மாற்றாமலோ நீக்கினால், அந்த எண்ணைக் கேட்கும் கணக்குகளுக்கு வெளியே நிற்க நேரலாம்.

யுபிஐ ஆப் தனி ரகம். நீக்கினாலும் வங்கியோடு பதிவான யுபிஐ ஐடி அப்படியே இருக்கும். வேண்டாமென்றால் ஆப்புக்குள் போய் முதலில் பதிவை விலக்குங்கள். சிறு தொகைகளைப் பின் எண் இல்லாமல் செலுத்தும் யுபிஐ லைட்டில் பணம் இருந்தால் அதை வங்கிக்குத் திருப்பிவிட்டுத் தொடுங்கள், ஏனென்றால் அந்த இருப்பு அந்தப் போனோடு கட்டப்பட்டது. வங்கி ஆப்பை மறுபடி நிறுவினால் பதிவான சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டியிருக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கு முந்தைய நாள் அதில் கை வைக்காதீர்கள்.

சந்தாவும் அப்படித்தான். ஆப்பை அழித்தால் மாதப் பணம் நிற்காது. பிளே ஸ்டோரில் 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' உள்ளே போய் ரத்து செய்யுங்கள். நேரடியாக யுபிஐ ஆட்டோபே (தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) கொடுத்திருந்தால் அதை யுபிஐ ஆப்பில்தான் நிறுத்த வேண்டும்.

நீக்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் இடமில்லை என்பவற்றை ஆர்க்கைவ் செய்யலாம். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'ஜெனரல்' உள்ளே 'ஆட்டோமேட்டிக்கலி ஆர்க்கைவ் ஆப்ஸ்' இருக்கிறது. ஆப் போய்விடும், ஐகானும் உங்கள் தரவும் தங்கும். தொட்டால் திரும்ப இறங்கும். ஐபோனில் இதே வேலையை 'ஆஃப்லோட்' செய்கிறது. ஒரு எச்சரிக்கை: அந்த ஆப் பின்னர் ஸ்டோரிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டால் திரும்ப இறங்காது.

போனோடு வந்த, நீக்க முடியாத ஆப்களை ஆப் இன்ஃபோவில் 'டிசேபிள்' செய்யுங்கள். சாதாரண ஆப்பிலேயே 'அன்இன்ஸ்டால்' மங்கலாக இருந்தால் அதற்கு டிவைஸ் அட்மின் அனுமதி (போனைப் பூட்டுவது போன்ற கூடுதல் அதிகாரம்) கொடுத்திருக்கிறீர்களா என்று செக்யூரிட்டி செட்டிங்ஸில் பாருங்கள். அதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் நீக்க முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் இடம் வராவிட்டால் குற்றவாளி ஆப்பின் எண்ணிக்கை அல்ல, அநேகமாக வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போனால் 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள் தனியாக நிற்கும். காலை வணக்க வீடியோக்களை அங்கிருந்தே கழியுங்கள். ஆப்பின் தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் 'கிளியர் கேஷ்' தற்காலிக நிவாரணம், சில நாளில் மறுபடி நிரம்பிவிடும். பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா' வேறு சமாச்சாரம். அதைத் தொட்டால் ஆப் புதிதாக நிறுவியது போல் ஆகிவிடும்.

அடுக்குவது சுலபம். முகப்பு ஒரே பக்கம் போதும். தினமும் திறக்கும் நான்கைந்து ஆப் கீழ் வரிசையில், கட்டைவிரல் எட்டும் இடத்தில். மற்றவற்றுக்குப் 'பணம்', 'பயணம்', 'பில்' என்று வேலையின் பெயரில் மூன்று நான்கு ஃபோல்டர். 'இதர' என்று ஒன்றைத் திறந்தால் எல்லாம் அதற்குள்தான் போய் விழும். மீதியை முகப்பில் வைக்கவே வேண்டாம். மேல்நோக்கித் தள்ளி முதல் இரண்டு எழுத்தை அடித்தால் வந்துவிடும். கையைத் தானாக இழுக்கும் ரீல்ஸ் வகையறாவையும் முகப்பில் வைக்காமல் விடுங்கள்.

கடைசியாக, முகப்பின் வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து ஹோம் செட்டிங்ஸில் புது ஆப் ஐகானை முகப்பில் சேர்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இது ஓடிக்கொண்டிருந்தால், நிறுவுகிற ஒவ்வொரு ஆப்பும் மறுபடி முகப்பில் வந்து உட்காரும்.