ரேடியோவில் நகைக்கடை விளம்பரம், போனில் வெறும் இசை: ஏன்?

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடை ரேடியோவில் நகைக்கடை விளம்பரம் போகும்போது, அதே பேச்சு நிகழ்ச்சியைப் போனில் இணையம் வழியாகக் கேட்டால் இசைதான் ஓடுகிறது, இடைவேளை முடிந்ததும் அறிவிப்பாளரின் முதல் இரண்டு சொல்லும் கேட்பதில்லை என்கிறீர்கள்.

இரண்டுக்கும் விளம்பரத்தைத் தனித்தனியாக விற்பதால் வருவது இது. இடைவேளை தொடங்கியதும் நிலையத்தின் கணினி இணைய சர்வருக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். சர்வர் ஒலிபரப்பு விளம்பரத்தை மறைத்துத் தன்னிடம் உள்ளதைச் செருகும். கைவசம் ஒன்றும் இல்லாவிட்டால் அந்த இசை. அதுவும் ஒரே மெட்டு, காது புளித்துவிடும். சில நிலையங்கள் எதையும் மாற்றாமல் அப்படியே விடுவதும் உண்டு.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கும் கலைஞர்களுக்கு, இணையத்திலும் அது ஒலித்தால் கூடுதல் பணம் தரவேண்டும் என்று பிரச்சினை வந்தது. 2001இல் பல நிலையங்கள் இணைய ஒலிபரப்பையே நிறுத்தின. விளம்பரத்தை மட்டும் மூடி மறைக்கும் மென்பொருள் கைகொடுத்த பிறகுதான் திரும்பி வந்தன.

செருகுவது பெரும்பாலும் உங்கள் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்குரிய எண்ணைப் பார்த்துத்தான். திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் இருந்து கேட்டாலும் முகவரி கொழும்பு என்று காட்டினால், வெள்ளவத்தைக் கடைக்குத்தான் உங்களைக் கூப்பிடுவார்கள்.

சரி, இடைவேளை முடிந்ததும் அறிவிப்பாளரின் முதல் இரண்டு சொல் எங்கே போகிறது? இடைவேளை 60 விநாடி, செருகிய விளம்பரம் 63 விநாடி என்றால் அந்த மூன்று விநாடியில் போய்விடுகிறது.