சர்க்கரை குறைந்த பிறகு பாத எரிச்சல் கூடுவது ஏன்?

கேள்வி: வயது 54. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 10.8 இருந்தது. இன்சுலின் தொடங்கி மூன்றே மாதத்தில் 7.4 ஆகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகுதான் இரவில் இரண்டு பாதமும் தணலில் வைத்ததுபோல் எரிகின்றன. போர்வை பட்டாலே வலிக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த நரம்பு மாத்திரை, பி12 ஊசி எதுவும் கேட்கவில்லை. இன்சுலினை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். எரிச்சலுக்குக் காரணம் இன்சுலின் என்ற மருந்தல்ல, சர்க்கரை இறங்கிய வேகம்.

இடுப்பிலிருந்து கால் விரல் நுனிவரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். பல ஆண்டு மிகுந்த சர்க்கரை அந்த இழையையும், அதற்கு இரத்தம் தரும் மெல்லிய நாளங்களையும் சேர்த்தே கெடுக்கிறது. முதலில் பட்டுப்போவது கடைக்கோடி. அதனால்தான் விரல் நுனியில், இரு பக்கமும் ஒன்றுபோலத் தொடங்கி, காலுறை போட்ட இடம்போல மேலே ஏறுகிறது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எச்பிஏ1சி மூன்று மாதத்துக்குள் 2 புள்ளிக்கு மேல் இறங்கினால், ஏற்கெனவே நைந்திருந்த மெல்லிய நரம்பிழைகளில் கடும் வலி கிளம்புவதுண்டு. உங்களுக்கு 3.4 புள்ளி இறங்கியிருக்கிறது. பொதுவாக இறக்கம் தொடங்கி எட்டு வாரத்துக்குள் வலி வரும். இன்சுலினால் மட்டுமல்ல, மாத்திரையால் இறக்கினாலும், உணவைக் குறைத்தே இறக்கினாலும் இதே வலி வந்திருக்கிறது. பயந்து மருந்தை விட்டு, எச்பிஏ1சி மறுபடி 10-க்கு ஏறி, பிறகு பதறி மீண்டும் வேகமாக இறக்குபவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். இப்போதிருக்கும் அளவிலேயே நிலைநிறுத்துங்கள். மேலும் இறக்குவதானால் மெதுவாக. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் வலி தணிகிறது. இதே வேகம் விழித்திரையையும் தாக்கக்கூடும், ஆகவே இந்த மாதமே கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதை இன்சுலின் எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த நரம்பு மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். 'பைரிடாக்சின்' என்று இருந்தால் அது பி6. உடலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.5 மில்லிகிராம் போதும். சில மாத்திரைகளில் 100 மில்லிகிராம் இருக்கிறது. மாதக்கணக்கில் அதிகமாகப் போனால் அந்த பி6 வைட்டமினே நரம்பைக் கெடுக்கும், எரிச்சலும் மரத்துப்போவதும் அதே பாதத்தில்தான் வரும்! நரம்புக்கு என்று விற்பதே நரம்பைத் தின்னும் என்று கடையில் யாரும் சொல்வதில்லை.

பி12 வேறு கதை. மெட்ஃபார்மின் அதைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுக்கும். ஆண்டுக்கொரு முறை அளந்திருக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. ஊசி போட்டபின் அளந்தால் எண் உயர்ந்தே காட்டும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அளக்காமலேயே ஊசி போடும் பழக்கம் எப்போது ஒழியுமோ.

இலவசப் பரிசோதனை என்று அழைத்து, கருவியில் அதிர்வை அளந்து, சிவப்பில் ஓர் எண்ணைக் காட்டி, மூன்று மாத 'கோர்ஸ்' விற்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். அட்டையில் கலவை எழுதாத பொடிகளில் ஈயமோ பாதரசமோ இருந்தால் நரம்பு மேலும் கெடும்; ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரை எகிறும். உண்மையான சோதனைக்கு 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் (தட்டினால் அதிரும் உலோகக் கவை) போதும், இரண்டு நிமிட வேலை. மருத்துவர் காலுறையைக் கழற்றச் சொல்லாமலே மருந்து எழுதினால், நீங்களே கழற்றிக் காட்டுங்கள்.

வலிக்கு டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உதவாது, சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். மருத்துவர் தருவது டுலோக்சிடின் (30 மில்லிகிராமில் தொடங்கி 60), ப்ரீகாபாலின், அல்லது இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின். ப்ரீகாபாலினுக்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு) பார்க்க வேண்டும். முழு அளவை எட்டியபின் நான்கு வாரமாவது தொடருங்கள். வலி பாதியாகக் குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

எரிகிறதென்று சுடுநீரில் காலை வைக்காதீர்கள். சூடு தெரியாத இடங்களும் அதே பாதத்தில் இருக்கும், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஒரு காலில் மட்டும் வலி, நாள் கணக்கில் ஏறும் பலவீனம், கையில் முதலில் தொடங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இது சர்க்கரை நரம்பு என்று எண்ணிக் காத்திராமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.