வகுப்பில் சேர்ப்பதற்கு முன்னால் வினைச்சொல்லைக் கவனியுங்கள்

அன்புள்ள ஐயா,

தமிழ்வழியில் படித்து பி.காம். முடித்த மகள் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனி இன்டர்வியூவுக்குப் போய், பதில் வராமல் அழுதுகொண்டே குடியாத்தம் திரும்பினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் வாங்கியாவது வேலூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

அவள் எழுதிய பதில்களையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. இன்வாய்ஸ், லெட்ஜர், ஷிப்மென்ட் என்று துறைச் சொற்கள் எல்லாம் சரியாகவே வருகின்றன. அவள் தடுமாறுவது வினைச்சொல்லில். 'ஐ டிட் நாட் வென்ட்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாள். 'கோ, வென்ட், கான்' பட்டியல் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் பட்டியல் வரிசையாகச் சொன்னால்தான் வாயில் வரும். இன்டர்வியூவில் யாரும் அந்த வரிசையில் கேட்பதில்லை.

இந்தத் தப்பைத் திருத்தத் தமிழே கைகொடுக்கும். 'போனேன்' என்பதை மறுக்கும்போது 'போனேன் இல்லை' என்றா சொல்கிறோம்? 'போகவில்லை' என்கிறோம். ஆங்கிலத்திலும் 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அது பார்த்துக்கொள்ளும், பின்னால் வெறும் 'கோ' போதும். கேள்வி கேட்டாலும் இதேதான்: 'டிட் யூ கோ?'

ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகள் பி (இருப்பது), ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ (தெரிவது), திங்க், டேக். இவற்றில் ஒன்றுகூட 'ஈடி' சேர்த்து இறந்தகாலம் ஆவதில்லை. விதியை மட்டும் படித்த பிள்ளைகள் முதல் வாக்கியத்திலேயே திணறுவது இதனால்தான். எனவே இந்தப் பத்தில் தொடங்கட்டும். நாளுக்கு ஒரு வினை, அதில் நான்கு வாக்கியம். 'டேக்' என்றால், தினமும் பஸ் பிடிப்பதற்கு 'ஐ டேக் தி பஸ்', நேற்றைக்கு 'ஐ டுக்', நேற்று பிடிக்கவில்லை என்றால் 'ஐ டிட் நாட் டேக்', அப்புறம் அக்காவைப் பற்றி 'ஷி டேக்ஸ்'. எல்லாம் அவள் வீட்டில் நிஜமாக நடந்ததாக இருக்கட்டும். எழுதிவிட்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும், மனதுக்குள் படிப்பது இதற்கு உதவாது.

இன்னொன்று, இது இன்டர்வியூவின் முதல் கேள்வியிலேயே வரும். 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2024' என்று எழுதியிருக்கிறாள். வருடத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' கூடாது, 'ஐ கம்ப்ளீட்டட்' தான். வருடம் சொல்லாதபோது 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட்' சரி.

'கோ, வென்ட், கான்' பட்டியலில் 'கான்' போல வரும் மூன்றாவது வடிவத்தை அவள் அலட்சியமாக விட்டிருக்கிறாள். ஆனால் அவள் போக நினைக்கும் வேலையில் பாதி மெயில் அதில்தான் ஓடும். சாம்பிள் நேற்று அனுப்பியாயிற்று என்றால் 'தி சாம்பிள்ஸ் வேர் சென்ட் எஸ்டர்டே'. கட்டிங் முடிந்தது என்றால் 'தி லெதர் ஹேஸ் பீன் கட்'. 'கட்' மூன்று வடிவத்திலும் 'கட்' தான், 'கட்டட்' கிடையாது. பேர்ணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் தோல், ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர் உங்கள் தெருவிலேயே யாராவது இருந்தால் விசாரியுங்கள். அங்கே ஒரு நாளில் என்னென்ன செய்கிறார்கள் என்று கேட்டாலே அவளுக்கு வேண்டிய வினைகள் கிடைத்துவிடும். தடித்த அகராதி வாங்கித் தினம் இருபது சொல் மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 'ஈடி' வந்த இடத்தில் எல்லாம் 'எட்' என்று இழுக்கக் கூடாது. பெட்டியில் அடுக்கியாயிற்று என்பதற்கு 'பேக்ட்' என்று வெட்டிச் சொல்ல வேண்டும். 'பேக்கெட்' என்றால் கேட்பவர் பொட்டலம் என்று நினைத்துக்கொள்வார். 'வெயிட்', 'நீட்' போல ஆங்கிலத்தின் t, d ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டும்தான் அந்தக் கூடுதல் அசை: வெயிட்டட், நீடட்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஆங்கிலம் தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து, 'இன்னைக்கு என்னம்மா நடந்தது?' என்று கேளுங்கள். அவள் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தமிழில் சொல்லட்டும். நடுவில் திருத்த வேண்டாம். கான்வென்ட்டில் படித்த பெரியப்பா பெண்ணை ஒப்பிட்டுப் பேசவே வேண்டாம், ஐயா. வாய் அடைத்துப்போவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பேச்சுதான்.

மூன்று மாதம் இப்படிப் போகட்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தொழில்நெறி வழிகாட்டும் மையம் உண்டு. கட்டணம் கிடையாது, ஒரு நடை போய்விட்டு வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பேசிப் பழக ஆள் வேண்டும் என்று அவளே கேட்டால் வகுப்பில் சேருங்கள். சேர்க்கும் முன், ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் பேசுவார்கள் என்று கேளுங்கள். 'நோட்ஸ் தருவோம்' என்று பதில் வந்தால் பணம் கட்ட வேண்டாம்.

இதற்கிடையே வேறு இன்டர்வியூ வந்தால் மூன்று மாதம் முடியட்டும் என்று நிறுத்தி வைக்காதீர்கள், அனுப்புங்கள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே, கேட்ட கேள்விகளை நினைவிருக்கும்வரை குறித்துக்கொள்ளட்டும். அன்றிரவு நான்கு வாக்கியத்துக்குப் பதில் அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி, உங்களிடம் சொல்லிக் காட்டட்டும்.