அடுத்த பாகம் எப்போ வரும்? அதுவரை பழைய ரேஸிங் கேமை வாங்கலாமா?

கேள்வி: நான் விளையாடும் ரேஸிங் கேம் வெளிவந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அடுத்த பாகம் பற்றி மூச்சே இல்லை. ஒரு ரேஸிங் கேமின் அடுத்த பாகத்தைச் செய்ய நிஜமாகவே எவ்வளவு காலம் பிடிக்கும்? காத்திருக்கலாமா, இல்லை கையில் இருக்கிற காசுக்கு இப்போது கிடைப்பதை வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டு வருஷத்திலிருந்து எட்டு வருஷம் வரை. கேலி பண்ணவில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன். ஃபோர்ஸா ஹொரைசன் 2012, 2014, 2016, 2018 என்று அலாரம் வைத்தது போல இரண்டு வருஷத்துக்கு ஒன்று வந்தது. அதே பெயரில் இருக்கும் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 2005-இல் தொடங்கி 2017 வரை ஒற்றைப்படை வருஷங்களில் வந்தது. இரண்டையும் செய்தது இரண்டு தனி ஸ்டுடியோக்கள். கார்களும் கருவிகளும் பெருமளவு பொது. ஒருவர் சமைத்த குழம்பில் இன்னொருவர் பாதியை எடுத்துக்கொள்ளலாம், அதனால்தான் அந்த வேகம். அப்புறம் மோட்டார்ஸ்போர்ட்டுக்கு நிறைய விஷயங்களை அடியிலிருந்து திருப்பிக் கட்டப்போகிறோம் என்று இறங்கினார்கள், அடுத்தது 2023 அக்டோபரில்தான் வந்தது. ஆறு வருஷம்.

கிரான் டூரிஸ்மோ கதையும் இதேதான். முதல் பாகத்துக்கு ஐந்து வருஷம் ஆனது, 1997-இல் வந்தது. இரண்டாவது அதே கன்சோலில் (டிவியோடு இணைத்து விளையாடும் கருவி) சரியாக இரண்டே வருஷத்தில் 1999-இல் வந்துவிட்டது. ஆனால் நான்காவது 2004 டிசம்பர், ஐந்தாவது 2010 நவம்பர். நடுவில் கன்சோல் தலைமுறை மாறியிருந்தது. மரியோ கார்ட் வேர்ல்டுக்கு 2017-லேயே வேலை ஆரம்பித்துவிட்டது, முதலில் நின்டெண்டோவின் பழைய ஸ்விட்ச் கன்சோலுக்குத்தான் செய்துகொண்டிருந்தார்கள், பாதியில் ஸ்விட்ச் 2-க்கு மாற்றி 2025 ஜூனில் கொண்டுவந்தார்கள்.

ஆக உங்கள் கேமுக்கும் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். அடுத்தது இதே கன்சோலில் வருமா? இதே கேம் இன்ஜினில் வருமா? (கார் இன்ஜினைச் சொல்லவில்லை, கேமை ஓடவைக்கும் அடிப்படை மென்பொருளைச் சொல்கிறேன்.) இரண்டுக்கும் ஆமாம் என்றால் இரண்டு மூன்று வருஷம் என்பது நியாயமான கணக்கு. ஒன்றுக்கு இல்லை என்றாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பே வராத கேமுக்காக எதையும் வாங்காமல் உட்கார்ந்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவேளை நாளைக்கே அறிவித்தாலும் கைக்கு வர நாளாகும்: மோட்டார்ஸ்போர்ட்டை முதலில் காட்டியது 2020 ஜூலையில், அதற்கப்புறம் மூன்று வருஷத்துக்கும் மேல் ஆனது. இப்போது கிடைப்பதை வாங்கி விளையாடுங்கள், ஆனால் கீழே பழைய கேம் தள்ளுபடி பற்றிச் சொல்லியிருப்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கார் அதே கார், டிராக் அதே டிராக். பழைய பாகத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பளபளப்பு ஏற்றினால் போதாதா? இதற்கு எதற்கு இத்தனை வருஷம், முழு விலை வேறு?

பதில்: எடுத்துப் போட்டும் பார்த்திருக்கிறார்கள், வாங்கினவர்கள் சும்மா விடவில்லை. கிரான் டூரிஸ்மோ 5-இல் ஆயிரம் கார் என்று பெருமையாகச் சொன்னார்கள். அதில் புதிதாக முழு நுணுக்கத்தோடு செய்தது சுமார் 200 மட்டும், மீதி 800 சொச்சம் பழைய கேம்களிலிருந்து வந்தவை. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று நிஜக் கார் மாதிரியும் இன்னொன்று அட்டையில் வெட்டி ஒட்டியது மாதிரியும் தெரிந்தது, உள்ளே உட்கார்ந்து பார்த்தால் டாஷ்போர்டே ஒழுங்காக இல்லை.

காரணம் எளிது. கன்சோலின் சக்தி கூடக் கூட ஒரு காருக்கு ஆகும் வேலையும் கூடுகிறது. அந்தக் கேமை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி சொன்ன கணக்குப்படி முதல் பாகத்தின் காலத்தில் ஒரு காரை ஒருவர் ஒரே நாளில் செய்துவிடலாம், ஐந்தாவது பாகத்தில் அதற்கு ஆறு மாதம், ஏழாவது பாகத்தில் ஏறக்குறைய 270 நாள். ஒரு ஆள், ஒரு கார், 270 நாள்! நிறையப் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள் என்றாலும் நானூறு கார் வேண்டுமென்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

உருவம் மட்டும் போதாது. நிஜக் காரை உருளைமேல் நிறுத்தி ஓடவிட்டு, சைலன்சர் பக்கம் ஒன்று, இன்ஜின் பக்கம் ஒன்று என்று மைக் வைத்துச் சத்தம் பதிவு செய்கிறார்கள். டிராக்கை லேசரால் ஸ்கேன் செய்து மேடு பள்ளத்தைப் பிடிக்கிறார்கள். டயர் சூடானால் பிடிப்பு எப்படி மாறும், மழைத்தண்ணீர் எங்கே தேங்கும் என்று கணக்குப் போட வேண்டும். இதில் ஒன்றைத் தொட்டால் எல்லா கார்களையும் திரும்ப ஓட்டிப் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் ஒரு டயர் கணக்கு மாறினால் முன்பு நன்றாகத் திரும்பிய கார் இப்போது வளைவில் புல்லுக்குள் போகும். அத்துடன் கார் கம்பெனியிடம் உரிமம். 2018-இல் ஃபோர்ஸா ஹொரைசன் 4 வந்தபோது டொயோட்டாவின் வழக்கமான சாலைக் கார்களைக் காணோம். கேம் செய்கிறவருக்கு ஆசை இருந்தால் மட்டும் போதாது, காரின் சொந்தக்காரரும் சரி என்று சொல்ல வேண்டும்.

அடுத்த பாகம் என்றாலே எல்லாம் கூடியிருக்கும் என்றும் நினைக்காதீர்கள். கிரான் டூரிஸ்மோ 2-இல் 650 கார்கள் போல இருந்தன, மூன்றாவதில் 180 போலத்தான். 2017-இல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 7-இல் 700-க்கு மேல் இருந்தது, 2023-இல் வந்தது 500 சொச்சத்தோடுதான் தொடங்கியது, ஒரே திரையைப் பிரித்து இரண்டு பேர் விளையாடும் வசதியும் அதில் இல்லை. வீட்டில் அண்ணன் தம்பி சேர்ந்து விளையாடுவதற்காக வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். முந்தினதில் இருந்ததே, இதில் இல்லாமலா போகும் என்று வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

கேள்வி: தேதி அறிவித்துவிட்டார்கள், முன்பதிவு செய்தால் ஒரு விசேஷக் கார் தருகிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். டிஜிட்டலில் விற்கும் பொருள், கடையில் தீர்ந்துபோகாது. விசேஷக் கார் என்பது பெரும்பாலும் பெயின்ட் மாற்றிய கார்தான். நானும் ஒரு முறை முன்பதிவு செய்து, வெளியீட்டுத் தேதி இரண்டு தடவை தள்ளிப்போய், வந்த அன்றைக்கு சர்வர் விழுந்து, மூன்றாம் நாள்தான் முதல் ரேஸ் ஓட்டினேன். அந்த விசேஷக் காரை மொத்தம் இரண்டு முறை எடுத்திருப்பேன். எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் வேண்டுமென்றால் டிரைவ்கிளப் என்ற ரேஸிங் கேம் இருக்கிறது: பிளேஸ்டேஷன் 4 கூடவே 2013 நவம்பரில் வருவதாக இருந்து 2014 அக்டோபரில் வந்தது, வந்ததும் ஆன்லைன் பகுதி படுத்துக்கொண்டது. வெளிவந்து இரண்டு வாரம் பொறுங்கள், வாங்கினவர்கள் ஓட்டிக் காட்டும் வீடியோவைப் பாருங்கள். டிரெய்லரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: பழைய ரேஸிங் கேம் ஒன்று திடீரென்று பயங்கரத் தள்ளுபடியில் வந்திருக்கிறது. என்ன சூது?

பதில்: சூது என்று சொல்ல முடியாது, ஆனால் காரணம் இருக்கும். கார், டிராக், பாட்டு எல்லாவற்றுக்கும் வாங்கிய உரிமத்துக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் விற்க முடியாது, கடையிலிருந்தே எடுத்துவிடுவார்கள். ஃபோர்ஸா ஹொரைசன் 3 விற்பனையை 2020 செப்டம்பரில் நிறுத்தினார்கள், நான்காவதை 2024 டிசம்பரில். அதற்கு முன்பு பெரிய தள்ளுபடி போட்டார்கள். முன்பே வாங்கியவர்கள் இப்போதும் இறக்கி விளையாடலாம். அப்படிப்பட்ட தள்ளுபடி என்றால் தாராளமாக வாங்குங்கள், அடுத்த பாகம் வரும்வரை அருமையாகப் பொழுது போகும். ஒன்று மட்டும், கூடுதல் கார் பொதிகள் வேண்டுமானால் அவற்றையும் கெடுவுக்குள் வாங்கிவிட வேண்டும், பிறகு அவையும் கிடைக்காது.

வேறு வகை ஒன்று இருக்கிறது, அதில்தான் ஜாக்கிரதை வேண்டும். 2014-இல் வந்த தி க்ரூ தனியாக விளையாடினாலும் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும் கேம். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை அணைத்தார்கள், காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் ஒரு ரேஸ்கூட ஓட்ட முடியவில்லை. டிஸ்க் வைத்திருந்தாலும் பயனில்லை. கிரான் டூரிஸ்மோ 7-ம் பெரும்பகுதி இணையம் இல்லாமல் ஓடாது: 2022 மார்ச்சில் ஒரு அப்டேட் சொதப்பி ஒரு நாளுக்கு மேல் பெரும்பாலும் முடங்கிக் கிடந்தது. அதனால் தள்ளுபடி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், இணைய இணைப்பு கட்டாயமா என்று விற்பனைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள். கட்டாயம் என்றால், கேம் பழையது என்றால், அடுத்த பாகமும் வந்துவிட்டது என்றால், பாதி விலையும் அதிகம்தான்.

கேள்வி: எஃப் 1 (ஃபார்முலா 1 கார் பந்தயம்) கேம் மட்டும் எப்படி வருஷா வருஷம் வருகிறது? ஒவ்வொன்றையும் வாங்கணுமா?

பதில்: 2010-லிருந்து ஒரே ஸ்டுடியோ வருஷத்துக்கு ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தது, கீழே இருக்கும் எலும்புக்கூடு அதே என்பதால் முடிந்தது. ஓட்டுநர், அணி, பெயின்ட் மாறும், வேறு ஒன்றிரண்டு வசதி வரும். அவர்களே 2026-க்குத் தனி கேம் கிடையாது, எஃப் 1 25-க்கே காசு கொடுத்து வாங்கும் விரிவாக்கமாகத் தருகிறோம், அடுத்த முழுக் கேம் 2027-இல் என்று அறிவித்துவிட்டார்கள். அந்தப் பந்தயத்தின் விதியே 2026-இல் மொத்தமாக மாறுகிறது, புதுக் கார் வருகிறது, அதை ஒரே வருஷத்தில் செய்து முடிப்பது லேசில்லை. நீங்கள் ஒன்று விட்டு ஒன்று வாங்கினால் போதும். சீசன் முடியும் சமயத்தில் வாங்கினால் விலையும் நன்றாக இறங்கியிருக்கும்.

கேள்வி: முழுசாக முடிக்காமலே எர்லி ஆக்சஸ் என்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா?

பதில்: இன்றைக்கு இருக்கும் நிலையிலேயே அந்தக் காசுக்குப் பெறும் என்று தோன்றினால் வாங்குங்கள், பின்னால் வரப்போவதை நம்பி வேண்டாம். ரெக்ஃபெஸ்ட் 2014 ஜனவரியில் அப்படி விற்பனைக்கு வந்து 2018 ஜூனில்தான் முழுசானது. நல்ல கேமாகத்தான் வந்தது, ஆனால் நாலரை வருஷம். அதன் இரண்டாவது பாகமும் 2025 மார்ச்சில் இதே வழியில்தான் விற்பனைக்கு வந்திருக்கிறது.