பளபளக்கும் பெயின்ட்டை நம்பி எம்ஜிபி வாங்கலாமா?

நண்பரே, 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), புது பெயின்ட், எட்டுப் படங்கள், விற்பவர் உடனே முன்பணம் கேட்கிறார் என்கிறீர்கள். இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். எட்டில் ஒன்றுகூட வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டவில்லை.

இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்கும் தனிச் சட்டம், கிடையாது. கதவுக்குக் கீழே நீளும் சில் பகுதிதான், அதுவும் கூரையில்லாத ரோட்ஸ்டரில், முதுகெலும்பு. வெளித்தகடு புதிதாக மின்னும், உள்ளே இருக்கும் அடுக்குகள் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். நேரில் போய் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அங்கே வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் துருவை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. கதவு இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராக இருக்க வேண்டும். பின்பக்கம் ஜாக் போட்டுத் தூக்கியபின் கதவு இறுகினால் வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

எஞ்சினைப் பற்றி அவ்வளவு கவலைப்படாதீர்கள். 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சினுக்கு உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. குளிர்ந்த நிலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க, நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொன்னால் போதும்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த படங்களையும் கேளுங்கள். உண்மையாக வேலை செய்தவர் அவற்றைப் பெருமையாகவே காட்டுவார். அடிப்பக்கப் படம் வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.