கியர் இல்லாத சைக்கிளில் ‘டக் டக்’

கேள்வி: என் சிங்கிள் ஸ்பீட் சைக்கிளை மிதிக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம். முன் பிரேக் பிடித்தால் ஹேண்டில்பார் உதறுகிறது. செயினை மாற்றிவிடலாமா? – வாசகர், தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள், முதலில் சத்தத்தை எண்ணுங்கள். முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் பல்சக்கரத்தில் 16 பல் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் சக்கரம் 2.75 முறை சுற்றிவிடும், அதனால் பெடல் சுற்றுக்கு ஒரு ‘டக்’ என்றால் கோளாறு பெடல், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) பக்கம், கிட்டத்தட்ட மூன்று என்றால் சக்கரத்தில். பெடலை முதலில் இறுக்கிப் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும் (இடது பெடலின் மரை தலைகீழ், இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும்). எழுந்து நின்று மிதித்தால் சத்தம் போய்விடுகிறதா? அப்போ சீட்டைப் பாருங்கள்.

செயின் நடுவில் மேலும் கீழும் அரை அங்குலம் ஆட வேண்டும். பெடலை மெதுவாகச் சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் விறைத்தால் முன் பல்சக்கரம் மையம் தப்பியிருக்கிறது, புதுச் செயின் போட்டாலும் அது போகாது. ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் ஓட்டுபவர் என்றால் உப்புக்காற்றில் செயின் துருப்பிடித்திருக்கும், துடைத்து எண்ணெய் விடுங்கள்.

உதறல் வேறு விஷயம், அதைத் தள்ளிப்போடவே கூடாது. முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் ‘கடக்’ என்றால் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) தளர்ந்திருக்கிறது. சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள். உதறுகிறதே என்று பிரேக்கைக் கழற்றிவிடவும் வேண்டாம், சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் முதல் வேலைசெய்யும் கைப்பிரேக் ஒன்றாவது கட்டாயம்.